வண்டி மூக்கில் கட்டிய வெண்பட்டு

தனவீர் யோன்சனின் வண்டியிலிருந்து அன்று வடித்த நீரைக் கண்டவர் எவரும் மதியம் பருப்புச் சோறு உண்ணவில்லை. மானேபஞ்ஜ்யாங் கடைத்தெருவின் ஓரத்தில், ரேடியேட்டரின் அடிக்குழாயைக் கழற்றி, அதன்கீழ் ஒரு தகர வாளியை வைத்திருந்தார் அவர். முதலில் துருநிறத்தில் நீர் வந்தது. அதன்பின் மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று கொழகொழவென்று இறங்கியது. அதையடுத்து, வெந்து திரிந்த முட்டையின் வெண்கரு நூல்நூலாக வந்தது. ஒழுகும் ரேடியேட்டரை அடைக்க மஞ்சள்தூளும் முட்டையும் வறுத்த மாவும் போடுவது எங்கள் மலையின் வைத்தியம். ஒவ்வோர் ஓட்டுநரும் ஒவ்வொன்றைச் சொல்வார். சொல்வதோடு நில்லாமல், வண்டிக்காரர் தேநீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, மூடியைத் திறந்து போட்டுவிட்டும் போவார். உதவி என்று அதற்குப் பெயர்.

கடைசியாக, ஊறி உப்பிய ஒரு புகையிலைத் துண்டு வாளியில் விழுந்தது. தனவீர் பின்வாங்கி, தோளிலிருந்த துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

“எவன் வாயில கிடந்ததுடா இது?”

“எவன் வாயில கிடந்தா என்ன? முழுங்கினது உன் வண்டிதானே,” என்றார், வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி பூல்மாயா. “அதுக்கு உன்னை மாதிரி கூச்சநாச்சம் கிடையாது, புடா.”

புடா என்றால் கிழவன். திருமணமான மறுவாரமே பூல்மாயா கணவரை அப்படி அழைக்கத் தொடங்கிவிட்டார். அப்போது தனவீருக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

அருவருப்பு அவருடன் பிறந்த குணம். பிறர் குடித்த கோப்பையில் அவர் குடிக்கமாட்டார். தம் கோப்பையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பிறர் அமர்ந்து எழுந்த பெஞ்சில், சூடு ஆறும்வரை அமரமாட்டார். திருவிழாவில் மோமோ வாங்கினால், பிசைந்தவரின் நகத்தைப் பார்த்த பிறகே காசை நீட்டுவார். இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்த தொழிலோ, சந்தக்ஃபூ உச்சிக்கு ஆளேற்றுவது. அந்தப் பாதையில் கோழி வரும், ஆட்டுக்குட்டி வரும், ஈரக் கம்பளியும் பூண்டு நாற்றமும் வரும். சமவெளியிலிருந்து வந்தவர்களுக்கு மூன்றாம் வளைவிலேயே வாந்தி வரும். ஒருமுறை பின்னிருக்கையில் ஒருவர் வாந்தி எடுத்தபோது, தனவீர் வண்டியை நிறுத்தி இறங்கி, மறுபுறம் நின்று தாமும் எடுத்தார். அந்தக் கதை இன்றும் எங்கள் தேநீர்க் கடைகளில் சூடு குறையாமல் இருக்கிறது.

அதனாலேயே அவருடைய லேண்ட் ரோவர் மலையிலேயே மிகச் சுத்தமான வண்டியாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளரிடம் அவருடைய தந்தை வாங்கியது அது. மற்றவர்கள் பழைய எஞ்சினைப் பெயர்த்தெறிந்துவிட்டுப் புதிய டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். தனவீர் வண்டியோடு பிறந்த எஞ்சினையே வைத்திருந்தார். பிறர் வண்டிகளில் சூடு காட்டும் முள் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் வண்டியில் அது உயிரோடு இருந்தது. இருக்கைகளை வாரந்தோறும் சோப்பு நீரால் துடைப்பார். சக்கர இடுக்கிலுள்ள சாணத்தைக் குச்சியால் கிளறி எடுப்பார்.

ஆனால், கடந்த ஓராண்டாக அந்த வண்டி கொதிக்கத் தொடங்கியிருந்தது. சமதரையில் ஒன்றும் இல்லை. மேக்மா என்னும் ஊரைத் தாண்டி, முதல் கியரிலேயே ஊர்ந்து ஏறும் இடங்களில் முள் சிவப்புக்குப் போகும். மூடியின் ஓரத்தில் ஆவி சீறும். மேலே போகப்போக நீர் விரைவில் கொதித்துவிடும். கிழங்கு வேகாமல் நீர்மட்டும் கொதிக்கிறதே என்று உச்சியில் அடுப்பூதும் பெண்கள் எல்லாரும் அறிந்த செய்திதான் அது. சுற்றுலா வந்தவர்கள் முன்னிலையில் இரண்டு மூன்று முறை வழியில் நின்று, கொதிநீர் சிதற மூடியைத் திறந்து, ஓடைநீரை ஊற்ற நேர்ந்தது. அவர்கள் படம் பிடித்து ஊரெல்லாம் பரப்பினார்கள்.

வண்டிக்காரர் சங்கம் உடனே ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஏறும் வழியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கும் வண்டிக்கு இனிமேல் முறை கிடையாது. முறை என்றால் வரிசை. இன்று இவர், நாளை அவர் என்று ஆளேற்றும் உரிமை. அது போனால் வண்டி வெறும் இரும்பு. ஐயத்துக்குரிய வண்டிகளைச் சங்கத் தலைவர் கேசர் மோக்தான் தாமே ஏறி அமர்ந்து உச்சிவரை சோதிப்பார் என்றும் அறிவித்தார்கள். தனவீர் வாளி வைத்ததற்கு மறுநாள் அவர் வண்டிக்குச் சோதனை.

தோற்றால் அந்த வண்டி எங்கே போகும் என்பதும் ஊருக்குத் தெரியும். சிலிகுரிப் பக்கம் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் அதை விலைக்குக் கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய புல்வெளியில் ஏற்கெனவே ஒரு லேண்ட் ரோவர் நிற்கிறது. எஞ்சினை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் மண்ணை நிரப்பிச் சாமந்தி வைத்திருக்கிறார்கள். வருவோர் போவோரெல்லாம் பானெட்டின்மேல் ஏறி அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். இருக்கையில் குழந்தைகள் ஐஸ்கிரீமை ஒழுகவிட, அதன்மேல் எறும்பு மொய்க்கிறது. ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு வந்த தனவீர், இரவுச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டார். “செத்தவன் வாயில பூச்செடி நட்ட மாதிரி இருக்கு,” என்று மட்டும் சொன்னாராம்.

ஆகவேதான் அந்த வாளியும் அந்தக் குமட்டலும். ரேடியேட்டரின் உட்புறத்தைத் தெளிந்த நீர் வரும்வரை கழுவினார். ரப்பர்க் குழாய்களை மாற்றினார். மூடியின் ரப்பர் வளையத்தையும் ஃபேன் பெல்ட்டையும் புதிதாகப் போட்டார். மாலையில் முதல் ஏற்றத்திலுள்ள சித்ரேவரை ஓட்டிப் பார்த்தார். முள், முன்போலவே, மெல்ல ஏறியது.

அவர் கை வைக்காத இடம் வண்டியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அது வண்டியின் மூக்கு. இரண்டு விளக்குகளுக்கும் நடுவிலுள்ள கம்பிவலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். லோசார் புத்தாண்டில் சங்கத் தலைவர் ஒவ்வொரு வண்டியின் மூக்கிலும் காதா என்னும் வெண்பட்டை ஒரு முடிச்சுப் போட்டுக் கட்டுவார். திருமண ஊர்வலத்துக்குப் போனால் ஒன்று கட்டுவார்கள்; சாவுக்குப் போனாலும் ஒன்று. மடத்துப் பெரியவரை ஏற்றிச் சென்றால் அவரும் ஒன்று கட்டி, மந்திரம் சொல்லி ஊதுவார். ஊதும்போது எச்சில் தெறிக்கும். கட்டிய காதாவை மனிதக் கை அவிழ்க்கக்கூடாது. அவிழ்த்தால் அருள் போய்விடும் என்பது நம்பிக்கை. தனவீரின் வண்டியிலோ, தந்தையின் காலத்துப் பட்டின்மேல் இவர் காலத்துப் பட்டு ஏறி, வெண்மை போய்ப் பழுப்பாகி, பழுப்பும் போய்க் கருத்து, வெண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் சேர்ந்து, வலையைக் கெட்டியாக மூடிய ஒரு பொதியாகிவிட்டது.

“சாமி துணி. நான் தொடமாட்டேன்,” என்பார் தனவீர். கேட்டவர்கள் அவருடைய பக்தியைப் புகழ்ந்தார்கள்.

பூல்மாயா மட்டும் புகழவில்லை.

“பக்தியாம் பக்தி! பொய் சொல்லாதே, புடா. அதைப் பார்த்தாலே உனக்குக் குமட்டுது. அதான் தொடமாட்டேங்கற.”

“பட்டு மெல்லிசு. காத்து போகும்.”

“என் கம்பளியைவிடத் தடியா இருக்கு அது! மூக்கை அடைச்சிட்டு மலை ஏறச் சொன்னா நீ ஏறுவியா? தள்ளு, நான் அறுத்துப் போடறேன்.”

“அறுத்துட்டு, அதே கையால எனக்குச் சோறு போடுவியா?”

பூல்மாயா மடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டு எழுந்தார். “அப்ப உன் வண்டியில சாமந்தி நடட்டும்,” என்று சொல்லிவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை தலைவர் கேசர் மோக்தான் வந்து முன்னிருக்கையில் ஏறினார். கனத்த உடம்பு, தோல் மேலங்கி, வாயில் சுர்பி. யாக் பாலில் செய்து கல்லாகக் காய்ந்த அந்தக் கட்டியை ஒரு மணி நேரம் சப்பினாலும் கரையாது. வண்டி நகர்ந்ததும், பேசுவதற்கு வசதியாக அதை வாயிலிருந்து எடுத்து, எச்சில் பளபளக்க, சூடு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தனவீர் சாலையைப் பார்த்தார், அதைப் பார்த்தார், மறுபடி சாலையைப் பார்த்தார்.

“என்ன காஞ்சா, முகம் இப்படிக் கோணுது? பயமா?” என்றார் தலைவர். காஞ்சா என்பது கடைக்குட்டித் தம்பியை அழைக்கும் சொல். தனவீரைவிட அவர் இரண்டு வயதுதான் மூத்தவர்.

“பயம் இல்ல, தலைவரே. அதை எடுத்து வாயிலயே போட்டுக்குங்களேன்.”

“இருக்கட்டும். இன்னும் பாதி இருக்கு.”

சித்ரே வளைவில், உச்சியிலிருந்து திரும்பிய தலைவரின் சொந்த வண்டி எதிரே வந்தது. அவர் மருமகன் ஓட்டிவந்தான். வழிவிட ஒதுங்கியபோது தனவீர் அதன் மூக்கைக் கண்டார். கம்பிவலை கண்ணாடிபோல் துலங்கியது. பக்கக் கண்ணாடியின் காம்பில் மட்டும் ஒரே ஒரு புதுப் பட்டு ஆடிக்கொண்டிருந்தது.

“தலைவரே, உங்க வண்டியில கட்டினதெல்லாம் எங்க?”

“எது? காதாவா?” தலைவர் வெளியே துப்பினார். “காத்து கொண்டுபோயிருக்கும். காத்து கொண்டுபோனா பாவம் இல்ல.”

“முடிச்சை அவிழ்த்தா கொண்டுபோச்சு?”

“எங்க வீட்டுப் பக்கம் காத்து ஜாஸ்தி.”

தனவீர் நினைத்துப் பார்த்தார். சக ஓட்டுநர் கர்காவின் வண்டியில் மூக்கு சுத்தம். பெம்பாவின் வண்டியிலும் அப்படியே. சங்கத்திலுள்ள வண்டி ஒவ்வொன்றையும் மனக்கண்ணில் கொண்டுவந்து பார்த்தார். அத்தனை வீட்டுப் பக்கமும் காற்று வீசியிருக்கிறது, கத்தரிக்கோலோடு வீசியிருக்கிறது. தம் வீட்டுப் பக்கம் மட்டும் வீசவில்லை. ஊராருடைய பக்தியின் மீது அவருக்கு எழுந்த அருவருப்பில், டாஷ்போர்டில் ஈரமாகக் கிடந்த அந்தச் சுர்பிகூடச் சற்று நேரம் கண்ணில் படவில்லை.

மேக்மாவில் மூடுபனி. முள் நடுவில் நின்றது. கைரிபாஸ் பள்ளத்தில் இறங்கும்போது சற்றே தணிந்தது. பள்ளத்தைத் தாண்டியதும் செங்குத்தான ஏற்றம். முதல் கியர்; எஞ்சினின் அலறல்; மனிதன் நடக்கும் வேகம்கூட இல்லை. முள் எழுந்தது. இரண்டாம் வளைவில் சிவப்பின் விளிம்பைத் தொட்டது. சூடேறிய இரும்பின் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. தீயும் மயிரின் வாடை அது.

தனவீர் வண்டியைக் காற்றின் திசைக்குத் திருப்பி நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை, அணைத்தால் விசிறி நின்று சூடு இன்னும் ஏறும். இறங்கிப் பானெட்டைத் தூக்கி நிறுத்தினார். மூடியின் ஓரத்தில் ஆவி முணுமுணுத்தது.

தலைவரும் இறங்கி வந்தார். அவருடைய குரல் திடீரென்று கனிந்துவிட்டது.

“மூடியைத் திறந்து தண்ணி ஊத்திடு, காஞ்சா. எஞ்சின் வெடிச்சிடப் போகுது.”

“திறந்தா முறை போயிடும்.”

“போனாப் போகட்டும்பா. அந்த ஓட்டல்காரர் நல்ல மனுஷன். வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பார். ராஜா மாதிரி நிக்கும் உன் வண்டி. நானே பேசி முடிச்சுத் தரேன்.”

தனவீர் வண்டியின் முன்புறம் வந்து அந்தப் பொதியைப் பார்த்தார். விசிறி உள்ளிழுக்கும் இழுப்பில் அது வலையோடு வலையாக ஒட்டி, நெளியாமல் கிடந்தது. ஒரு காகிதத் தாளைக்கூட அசைக்கும் காற்று அதன் வழியே போகவில்லை. நேற்றே பூல்மாயா சொன்னது. சொன்னபோதே அவருக்குத் தெரிந்ததுதான்.

அவர் கண்களை மூடிக்கொண்டு இரு கைகளையும் அதற்குள் விட்டார்.

மேலடுக்கு எண்ணெய்த் தோலாகக் கையில் ஒட்டியது. அதன்கீழ் இருந்தது ஈரம். ஊறிப்போய், வெதுவெதுப்பாக, பாசிபோல் வழுக்கியது. முடிச்சுகள் அவிழவில்லை, கிழிந்தன. ஒவ்வொரு கிழிசலிலும் செத்த அந்துப்பூச்சிகள் மாவாக உதிர்ந்தன. நாற்றம் முதலில் கெட்ட வெண்ணெயாக வந்தது. பின்னர் மூத்திரமாக மாறியது. தனவீர் ஓரமாகத் திரும்பி, காலையில் குடித்த தேநீரைப் பாதையோரத்தில் கொட்டிவிட்டு, வாயைத் தோளில் துடைத்துக்கொண்டு, மறுபடி கைகளை விட்டார்.

“காஞ்சா! அருளை அறுக்கறியா? பாவம்டா, பாவம்!” என்று கத்தினார் தலைவர். கத்தியவர் நெருங்கி வரவில்லை; மேலங்கியின் கழுத்தை மூக்குவரை இழுத்துக்கொண்டு தொலைவில் நின்றார்.

“இங்கயும் காத்து ஜாஸ்தி, தலைவரே.”

வலைக்கும் ரேடியேட்டருக்கும் இடையில், மேலிருந்து முழங்கைவரை கையை விட்டபோது மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. எடுத்தார். பட்டு நூலால் பின்னிய எலிக்கூடு. ஒரு புறம் கருகியிருந்தது. மறுபுறத்தில், உள்ளே, தோல்மட்டும் போர்த்த இளஞ்சிவப்புக் குஞ்சுகள் கண் திறக்காமல் நெளிந்தன. தனவீரின் தொண்டையிலிருந்து வந்த ஒலியை எழுத்தில் எழுத இயலாது. ஆயினும் அவர் அதைக் கீழே போடவில்லை. கையை உடம்பிலிருந்து நீட்டிப் பிடித்தபடியே நடந்துபோய், ஒரு குராஸ் மரத்தின் வேரிடுக்கில் வைத்து, சருகால் மூடிவிட்டு வந்தார்.

வலை வெளுத்தது. விசிறியின் காற்று ரேடியேட்டரின் துடுப்புகளூடே சீட்டியடித்துக்கொண்டு புகுந்தது. இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் அது அசையவில்லை. பின்பு சிவப்பிலிருந்து விலகியது, நடுக்கோட்டுக்கு வந்தது, அதற்கும் கீழே இறங்கியது. மூடி திறக்கப்படவே இல்லை.

தனவீர் அந்தப் பொதி முழுவதையும் வாரி எடுத்து, தலைவரின் கால்வைக்கும் இடத்தில் வைத்தார்.

“அடச்சீ! இங்க ஏண்டா வைக்கற? பள்ளத்துல வீசு!”

“சாமி துணிய வீசலாமா? பாவம்னு நீங்கதானே சொன்னீங்க? உச்சியில கொடிமரத்துல கட்டணும். ஏறுங்க.”

“நாத்தம் குடலைப் பிடுங்குதேடா!”

“இதுல பாதி நீங்க கட்டினது, தலைவரே.”

தலைவர் ஏறினார். ஏறாமல் நடப்பதென்றால் உச்சி வெகுதூரம். கால்களை இருக்கைமேல் மடக்கிவைத்து, தலையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, திருவிழாவுக்குப் போகும் ஆட்டைப்போல் வந்தார். கடைசி ஏற்றத்தில் எஞ்சின் அலறியது. முள் நடுக்கோட்டைத் தாண்டவில்லை.

உச்சியில் வெயில். தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்த ஓட்டுநர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தனவீர் பொதியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடிமரத்தடியில் கட்டினார். சோதனையில் தேறிய வண்டிக்குத் தலைவர் ஒரு புதுக் காதாவைக் கட்டவேண்டும், அது வழக்கம். அத்தனை கண்கள் பார்க்கும்போது வழக்கத்தை மீறவும் முடியாது. மேலங்கியின் உட்பையிலிருந்து பட்டை எடுத்துக்கொண்டு, வண்டியின் மூக்கை நோக்கி வந்தார் தலைவர். தனவீர் குறுக்கே நின்றார்.

“நகரு, கட்டணும்.”

“வண்டிக்கு வேண்டாம். ஓட்டினவன் நான். என் கழுத்துல போடுங்க.”

தனவீரின் கம்பளிச் சட்டை முழங்கைவரை கருத்துப் பிசுபிசுத்தது. மார்பில் அந்துப்பூச்சிகளின் சிறகுகள் ஒட்டியிருந்தன. எலி மூத்திர நாற்றம் அவருக்கு முன்பாக ஓரடி நடந்து வந்தது. தலைவர் மூச்சை அடக்கிக்கொண்டு, இரு கைகளையும் முடிந்தவரை நீட்டி, எட்ட நின்றே பட்டை அவர் கழுத்தில் எறிந்தார்.

“முறை உண்டு,” என்றார், உதடுகளைச் சரியாகத் திறக்காமலே. “நாளையிலிருந்து.”

தனவீர் தலை வணங்கினார். பட்டு அழுக்காகாமல் இரு முனைகளையும் முதுகுப்புறம் தள்ளிவிட்டுக்கொண்டு, தேநீர்க் கடைக்குள் போய்க் கதவோரம் நின்றார்.

“தீதி, வெந்நீர் குடுங்க. நிறைய வேணும்.”

கடைக்கார அக்கா கெண்டியைத் தூக்கினார். “ஏன் தாஜு, வண்டி கொதிச்சிடுச்சா?”

“வண்டி நல்லா இருக்கு,” என்றார் தனவீர். “தண்ணி எனக்கு. சோப்பு இருந்தா அதையும் குடுங்க. பிரிக்காத சோப்பா குடுங்க.”